நாலங்குலக் கத்தியும் ஒரு கிளாஸ் டீயும்

இந்த மே மாதம் முழுக்க நான் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டுதான் அலுவலகம் போனேன். நெய்வேலி வெயிலில் முழுக்கை சட்டை போடுகிறவன் ஒன்று புது மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை எதையாவது மறைக்கிறவனாக இருக்க வேண்டும். எனக்கு வயது ஐம்பத்தாறு. மறைத்தது என் இடது கையை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அதில் ஒரு முடி கிடையாது.

புதிதாக வாங்கிய கத்தி கூராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, காட்டில் தனியாக வாழக் கற்றுத்தரும் வீடியோக்களில் வருகிற ஒரு வெள்ளைக்காரர் தன் கை முடியைச் சிரைத்துக் காட்டுவார். நானும் சிரைத்துப் பார்த்தேன். கூராகத்தான் இருந்தது. மறுநாள் மறுபடியும் சந்தேகம் வந்தது. வலது கை தப்பித்ததற்கு ஒரே காரணம், எனக்கு இடது கைப் பழக்கம் இல்லை என்பதுதான்.

கத்தி எதற்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் டவுன்ஷிப்பில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் சந்தித்தால், சர்க்கரை அளவை விசாரிப்பதற்கு முன்னால் "இடம் பாத்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். குவார்ட்டர்ஸ் நம்முடையதல்ல. முப்பது வருடம் நாம் தண்ணீர் ஊற்றிய மாமரமும் நம்முடையதல்ல. ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். என் மனைவிக்குக் கடலூரில் லிஃப்ட் வைத்த ஒரு பிளாட். எனக்குக் காடாம்புலியூர் பக்கம் அரை ஏக்கர் முந்திரித் தோப்பு. ஒரு நண்பர் மூலம் விசாரித்து வைத்திருந்தேன். விற்கிற யோசனையில் இருந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் இருக்கிற மற்ற மரங்களும் அவர் குடும்பத்துடையவைதான்.

"தோப்புல போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"வாழப் போறேன். ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்? ஒரு நல்ல கத்தி இருந்தா போதும். தீப்பெட்டிகூட வேணாம்."

இதைச் சொன்னபோது நான் சோபாவில் படுத்துக்கொண்டு, பனிக்காட்டில் ஒருவர் நெருப்பு மூட்ட மரச்சுருள் சீவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வாதாடவில்லை. "சரி. ஒரு நாள் அங்க போவோம். தீப்பெட்டி, லைட்டர், ஸ்டவ் எதுவும் கிடையாது. நீங்களே நெருப்பு மூட்டி எனக்கு ஒரு கிளாஸ் டீ போட்டுக் குடுங்க. குடுத்துட்டா தோப்பு. இல்லன்னா கடலூர். அதுக்கப்புறம் இந்த வீட்டுல தோப்புன்னு ஒரு பேச்சு வரக் கூடாது."

ஆக, என் எஞ்சிய ஆயுள் ஒரு கிளாஸ் டீயில் வந்து நின்றது. டீக்கு நெருப்பு வேண்டும். நெருப்புக்குக் கத்தி வேண்டும்.

ஏழு வாரம் ஆராய்ந்தேன். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. இதை மனைவியிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. மடக்குகிற கத்தி உதவாது, கீல் விட்டுவிடும். அலகு நாலு அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் அது அரிவாளாக ஆசைப்படும். அலகின் இரும்பு கைப்பிடிக்குள் கடைசிவரை ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தியின் முதுகு விளிம்பு மழுங்காமல், வெட்டிவிட்ட மாதிரி இருக்க வேண்டும். உரசினால் பொறி பறக்கும் ஒரு கறுப்புக் குச்சி விற்கிறார்கள். அதை உரசுவது வெட்டுகிற பக்கத்தால் அல்ல, முதுகால்தான்.

என் பட்ஜெட்டில் மூன்று கத்திகள் தேறின. ஒன்று முழுக் கறுப்பு. முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி. காடாம்புலியூரில் திசை தெரியாமல் போனால் யாரையாவது கேட்டுக்கொள்ளலாமே என்று தோன்றவே எனக்கு நாலு நாள் ஆனது. அதோடு, கைப்பிடிக்குள் திசைகாட்டி இருந்தால் இரும்பு எங்கே இருக்கும்? இரண்டாவதற்குத் தேக்குப் பிடி, அழகி. கீழே ஒருவர் "வெங்காயம் நன்றாக நறுக்குகிறது" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். மூன்றாவது, மாட்டு டாக்டரின் ஊசி மாதிரி பச்சை பிளாஸ்டிக் பிடி போட்ட அவலட்சணம். ஆனால் சொன்ன குணமெல்லாம் அதற்குத்தான் இருந்தது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அதை வாங்கினேன். நான் வாழ்க்கையில் சரியாக எடுத்த மிகச் சில முடிவுகளில் அது ஒன்று.

சும்மா இருந்திருக்கலாம். கத்தியை அலுவலகத்துக்குக் கொண்டு போகாவிட்டாலும், அதன் போட்டோவைக் கொண்டு போனேன். ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நண்பர் ஒருவர், என்னைவிட நாலு வருடம் சின்னவர், பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா சார் ஏழு வாரம்? குள்ளஞ்சாவடி சந்தையில லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச கத்தி கெடைக்கும். கேட்டா மாடே வெட்டலாம்பான்."

"எனக்கு மாடு வெட்டற உத்தேசம் இல்லப்பா."

"சரி, இதையாவது ஒரு நாள் குடுங்க. கம்பெனிக்காரன் சாணை எப்படி வெச்சிருக்கான்னு பாக்கறேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் பளபளவென்று திருப்பிக் கொண்டுவந்தார். "சாணை சூப்பரா இருந்துச்சு சார், தொடல. ஆனா முதுகு பக்கம் விளிம்பை அப்படியே விட்டுட்டான். கை கிழிச்சிடும். பிசிறெல்லாம் எடுத்து உருட்டிட்டேன்."

முப்பது வருடமாகப் பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிற சுரங்க ஊர் இது. கூரான விளிம்பு எதைக் கண்டாலும் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. நான் நன்றி சொன்னேன். காப்பியும் கொடுத்தேன். என்ன செய்திருக்கிறார் என்று அப்போது மண்டையில் ஏறவில்லை. என் கவனமெல்லாம் முழங்கைப் பக்கம் பாக்கி இருந்த கொஞ்சம் முடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தோப்புக்குப் போனோம். முந்திரி சீசனின் கடைசி. விழுகிற கொட்டை கண்ணில் பட வேண்டும் என்பதற்காக மரத்தடியை எல்லாம் வீட்டு வாசல் போலக் கூட்டிப் பெருக்கி, சருகை ஆங்காங்கே குவித்திருந்தார்கள். மனைவி தோப்புக்கார அம்மாவோடு நிழலில் உட்கார்ந்து, உப்புத் தொட்டு முந்திரிப்பழம் தின்ன ஆரம்பித்தாள். நான் மூன்று கல் கூட்டி, குண்டானில் தண்ணீர் வைத்து, ஒரு காய்ந்த குச்சியை எடுத்துச் சுருள் சுருளாகச் சீவினேன். பிரமாதமாக வந்தது.

"இன்னாங்கண்ணே, கேரட்டு சீவிகினு இருக்கீங்களா?" என்றார் அந்த அம்மா.

"டீ போடறாரு," என்றாள் மனைவி.

"குச்சியிலயா?"

கறுப்புக் குச்சியை எடுத்து, கத்தியின் முதுகால் ஓர் உரசு உரசினேன். ஒன்றும் வரவில்லை. ஐம்பது முறை உரசினேன். கத்தி வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிப் பார்த்தேன். முதுகு கூழாங்கல் மாதிரி இருந்தது. ஒரு பிசிறு இல்லை. கை கிழிக்க வாய்ப்பே இல்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்னால் மனைவி கிணறு, கரண்டு, பஸ் என்று அந்த அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தாள். கடலூர் பிளாட்டின் லிஃப்ட் என் கண்முன் இறங்கி வந்து கதவைத் திறந்தது. வேறு வழியில்லாமல் கத்தியைத் திருப்பிப் பிடித்தேன். ஏழு வாரம் தேடி, கண்ணைப் போலக் காத்த அந்தக் கூரான பக்கத்தால் உரசினேன். கிர்ரென்று அலகில் பல் விழுந்தது. பொறியும் விழுந்தது. சுருள் பிடித்துக்கொண்டது.

எழுந்து நின்றேன். இதை உலகத்துக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? செல்போனை எடுத்து, பிடி தெரிகிற மாதிரி கத்தியை முன்னால் வைத்து, வெளிச்சம் சரியில்லை என்று இரண்டடி தள்ளி வந்து மறுபடி எடுத்தேன். காற்று அடித்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு சுருள் எரிந்தபடியே பறந்து சருகுக் குவியலில் போய் உட்கார்ந்தது. குவியலிலிருந்து மரத்துக்கு நாலு அடி இருக்கும்.

அந்த அம்மா போட்ட சத்தத்தில்தான் திரும்பினேன். அதற்குள் மனைவி குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து குவியலில் கவிழ்த்துவிட்டாள். புகை அடங்கவில்லை. என் குண்டானை எடுத்து டீத்தண்ணீரையும் ஊற்றினாள். மிச்சச் சருகைக் காலால் தள்ளிவிட்டு, அந்த அம்மா மரத்தின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில், மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை வந்தது. மனைவி வண்டியை நிறுத்தச் சொல்லி, "ஒரு டீ குடிக்கலாமா?" என்றாள். குடித்தோம். நல்ல டீ. கடலூரில் எந்த மாடி என்று நானே கேட்டேன். அவள் டீக்குக் காசு கொடுக்கப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் செல்போன் அடித்தது. கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நெலம் வேணும்னு கேட்டீங்களே, வூட்ல பேசிட்டேங்க. தரோம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மாவைப் பார்த்தாள். போனருகே போய், "ரொம்ப சந்தோஷம்மா. பத்திரத்துக்கு என் ஆதார் காப்பியை இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றேன்.



"ஐய, உங்க பேர்ல வேணாங்கண்ணே. சுத்தி எங்க மரம் இருக்குது. நெருப்பு பத்திகினு போவுது, அக்கா கொடத்தத் தூக்கிகினு ஓடியாராங்க, நீங்க போட்டோ புடிச்சிகினு நிக்கிறீங்க. அக்கா பேர்லன்னா எழுதிக் குடுக்கறோம். நீங்க வேணும்னா விருந்தாளியா வந்துட்டுப் போங்க."