பித்தளை மூக்கும் சுங்குடி முடிச்சும்

மண்ணெண்ணெய் வாடை பலருக்குத் தலைவலி தரும். எனக்கோ இன்றைக்கும் அது அக்காவைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்தும். சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டு முற்றத்துக் கொடியில் சாயம் தோய்த்த சுங்குடிச் சேலைகளும், அதற்குக் கீழே சாக்கு விரிப்பில் எங்கள் பழைய காரின் உறுப்புகளும் சேர்ந்தே காய்ந்த காலம் அது. சேலையில் நூலால் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பது அம்மாவின் தொழில். காருக்கு அம்மா வைத்த பெயர் "ஒங்கப்பாவோட கிறுக்கு".

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்திருந்த அக்காவையும் மாப்பிள்ளையையும் நெய்க்காரப்பட்டியில் கொண்டுபோய் விடவேண்டிய அந்த வாரத்தில்தானா இன்ஜினின் இடுக்கை அடைக்கும் "கேஸ்கட்" தகடு கிழிய வேண்டும்! திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக்கை வரவழைக்கலாம் என்று நாலு பேர் சொன்னதை அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எம் பொண்ணு எங் கையால மாட்டுன வண்டியிலதேன் போவா" என்று சொல்லிவிட்டு இன்ஜினைப் பிரித்துப் போட்டார்.

அந்தக் காலத்துக் காரில் வைப்பர் மின்சாரத்தால் ஓடாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு ஒரு ரப்பர் குழாய் வழியே வந்து அதை ஆட்டும். அது போக இன்னும் இரண்டு குழாய்கள் உண்டு. மூன்றும் ஒரே தடிமன் என்பதால், குழாயின் முனைகளைச் செருகும் பித்தளை "மூக்குகளில்" எதை எதோடு இணைப்பது என்பதில்தான் சூட்சுமம். அம்மா தன் முடிச்சு நூலை எடுத்து கழற்றிய உறுப்பில் ஒன்றும் காரில் ஒன்றுமாக இருந்த முதல் ஜோடி மூக்குகளில் ஒரு சுற்று, அடுத்ததில் இடைவெளி விட்டு இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். அப்பா கழற்றிய எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தார்.

காய்ந்த துணியில் முடிச்சைக் கண்டால் பிரித்துவிடுவது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பழக்கம். முற்றத்தில் உட்கார்ந்து அக்காவையே நினைத்துக்கொண்டிருந்த என் விரல்கள், சாக்கில் கிடந்த மூன்று மூக்குகளின் நூலையும் உருவிவிட்டன. மடியில் நூலைப் பார்த்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. காரோடு இருந்த மூக்குகளில் மட்டும் நூல் மிச்சம்.

மறுநாள் புதன்கிழமை, அக்கா கிளம்ப வேண்டிய நாள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம்; அதன் பிறகு அன்றைக்கு நல்ல நேரமே இல்லை. அதற்குள் கிளம்பாவிட்டால் அடுத்த நல்ல நாளுக்கு எட்டு நாள் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் முடுக்கிய அப்பா, கடைசியில் குழாய் மாட்டப்போய்த் திகைத்து நின்றார். "நான்தேன் பிரிச்சேன்" என்று அழுதேன். "சேலைன்னு நெனச்சிருச்சு கழுத" என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. குத்துமதிப்பாக மாட்டிப் பார்த்தார். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது.

"ஏனுங்க மாமா, பஸ்ஸுலயே போயிக்கறமுங்க" என்றார் மாப்பிள்ளை. அப்பா தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். ராகுகாலத்துக்கு முன்னால் இருந்த ஒரே பஸ்ஸும் போய்விட்டது.

குனிந்து மூக்குகளைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுங்குடியில் முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாது அல்லவா? இங்கேயும் நூல் இருந்த இடத்தில் பிரஷ் படாமல் பழைய அழுக்கு அப்படியே வளையமாக நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று!

நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி கிளம்பாவிட்டால் அக்கா இன்னும் எட்டு நாள் எங்களோடு இருப்பாள். எனக்குத் தலை பின்னுவாள். அந்த ஆசைதான். ஆனால் அப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காரின் படியில் உட்கார்ந்து, "இம்புட்டுக்கும் என் வீம்புதேன் காரணம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பா, முடிச்சு இருந்த தடம் இருக்கு, பாருங்க!"

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இன்ஜின் உறுமியது; மழையே இல்லாத கண்ணாடியில் வைப்பர் இரண்டும் ஜோராக ஆடின. பழனியை நெருங்கும்போது நிஜமாகவே தூறல் போட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டினால் இழுப்பு குறைந்து வைப்பர் சோம்பிவிடும். அதற்காகவே அப்பா காலைத் தளர்த்தித் தளர்த்தி மெதுவாக ஓட்டினார். நான் அக்காவின் மடியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயணம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

அந்தக் காரும் இல்லை, அப்பாவும் இல்லை. என் மகனுடைய காரின் மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு கறுப்பு மூடிதான் தெரிகிறது. நூல் கட்ட ஒரு மூக்கு கண்ணில் படவில்லை. அதைப் பார்த்த அன்றே அக்காவுக்குப் போன் செய்து, அன்றைக்குக் கொஞ்ச நேரம் வாய்மூடி இருந்த என் குற்றத்தை ஒருவழியாக ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்டி" என்றாள் அக்கா. "நீ குனிஞ்சு எண்ணுனத நான் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். செத்த நேரம் சொல்லாம இருந்திருடி, ராகுகாலம் வந்திரட்டும்னு சாமியக் கும்பிட்டேன்."