ஷெஃப் வாங்கிய துவக்கு

போன சனிக்கிழமை, புது வீட்டுக்கு ஒரு மேசை பார்க்கவேண்டும் என்று மகள் என்னைப் பழைய சாமான் கடை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செத்துப்போனவர்களின் கதிரைகளும் கோப்பைகளும் கடைசியாக வந்து சேருகிற இடம் அது. மேசையை அவள் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் உள்ளே நடந்தேன். சுவரில் ஒரு நீளத் துவக்கு. யாரோ அதன் வாயில் மின்குமிழைச் செருகி விளக்காக்கி வைத்திருந்தார்கள். கட்டையில் பூசிய எண்ணெய் இன்னும் மணத்தது. மகள் வந்து பார்த்தபோது நான் விசையில் விரலை வைத்தபடி நின்றேனாம்.

"அப்பா, உங்களுக்குத் துவக்கைப்பற்றித் தெரியுமோ?"

"கொஞ்சம்" என்றேன். அதுவும் பொய். துவக்கைப்பற்றித் தெரிந்தவன் யோகன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதைக் கேட்டுத்தான்.

எண்பதுகளின் நடுவில், சுவிஸில் ஆரா பட்டணத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு உணவகத்தில் நானும் அவனும் கோப்பை கழுவினோம். நான் யாழ்ப்பாணத்துப் பட்டணத்துக்காரன். அவன் வன்னிப் பக்கம், என்னைவிட மூன்று வயது இளையவன். அகதி விடுதியில் ஒரே அறையில் மேல்கட்டில் எனக்கு, கீழ்க்கட்டில் அவனுக்கு. சாதுவான பெடியன். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன் என்ற திமிரில் ஜேர்மன் சொற்களை வேகமாகப் பொறுக்கிக்கொண்டேன். அவன் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் வைத்து மென்று பார்ப்பான், வெளியே விடமாட்டான். அதனால் அவனுக்கு ஒன்றும் விளங்காது என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம்.

சமையலறையின் ராசா ஷெஃப். பெயர் ரூடி என்றாலும் யாரும் அப்படிக் கூப்பிடக்கூடாது. பெரிய வயிறு, சிவந்த கழுத்து, கையில் எப்போதும் ஒரு நீளக் கரண்டி. என்னை 'நீ' என்பார். யோகனை 'ஆஃப்' என்பார். அவர்கள் மொழியில் குரங்கு. முதல் கிழமை யோகன் அதைத் தனக்கு வைத்த செல்லப்பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டவுடன் ஓடிப் போவான். நான் அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்தேன். என்னை அப்படிக் கூப்பிடவில்லையே என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. ஒருநாள் தட்டு சரியாகக் காயவில்லை என்று ஷெஃப் கொதிதண்ணீரை அவன் காலடியில் ஊற்றினார். யோகன் துள்ளினான். "பார், குரங்கு ஆடுது" என்றார். நான் அதற்கும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

அந்த மாரிக்குளிரில் ஷெஃபுக்கு ஒரு ஆசை பிடித்தது. பழங்காலத்துப் படைவீரர்போல உடுத்திக்கொண்டு பழைய துவக்குகளால் சுடுகிற ஒரு கூட்டத்தில் சேரவேண்டும். அதற்கு ஒரு சக்கிமுக்கிக் கல் துவக்கு வேண்டும். உள்ளே வரி இல்லாத வழுவழுத்த குழல், வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற வகை. மனைவி காசைப் பிடித்து வைத்திருந்தபடியால் மலிவானதாகவும் இருக்கவேண்டும். ஒரு பத்திரிகையில் வந்த படத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். யோகன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, படத்தில் கல்லைக் கவ்வியிருந்த பாகத்தைத் தொட்டு, பின்னுக்கு இழுப்பதுபோலவும் அது போய் இரும்பில் அடித்துப் பொறி பறப்பதுபோலவும் செய்து காட்டினான்.

"எங்கடை அப்புவிட்டை இருந்தது. பண்டிக்குக் காவல்" என்றான் என்னிடம்.

தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றிகளை விரட்ட என்று நான் மொழிபெயர்த்தேன். ஷெஃப் வாயைப் பிளந்தார். "குரங்குக்குத் துவக்குத் தெரியுமாம்" என்று கத்தினார்.

உணவகம் பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு பழைய ஆயுதச் சந்தைக்குப் போனார். ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபம். நீள நீளமான மேசைகள், கிழவர்கள், சுருட்டுப் புகை, எண்ணெய் மணம். போகிற வழியில் காரில் வைத்து ஒரு செய்தி சொன்னார். சலாட் மேசைக்கு ஒரு ஆள் தேவை, உங்கள் இருவரில் ஒருவரை எடுக்கப்போகிறேன் என்று. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கோப்பைத் தொட்டியில் முழங்கை வரை தோலுரிந்தவனுக்கு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தக்காளி வெட்டுவது பெரிய உத்தியோகம். யோகனுக்கு நான் அந்தச் செய்தியை மொழிபெயர்க்கவில்லை.

சந்தையில் ஷெஃபின் காசுக்குள் அடங்கக்கூடியவையாக மூன்று துவக்குகள் இருந்தன. ஒன்று குழல் வெடித்து ஒட்டியது. யோகன் தொடவே இல்லை. இரண்டாவது, புதிதாகச் செய்த இத்தாலியப் பிரதி. மொக்கையானது, பாரமானது, அலங்காரம் ஒன்றுமில்லை. மூன்றாவதுதான் அழகி. நூற்றைம்பது வருசப் பழசு என்றான் விற்பவன். பித்தளைப் பூண், கட்டையில் செதுக்கிய இலைகள். ஷெஃப் அதைத் தூக்கித் தோளில் வைத்ததுமே அவர் முகத்தில் கலியாண மாப்பிள்ளையின் களை வந்துவிட்டது.

யோகன் வேலையைத் தொடங்கினான். மருந்து இடிக்கிற கோலை வாய் வழியே விட்டு அடிவரைக்கும் போகிறதா என்று பார்த்தான். பொறி விழுகிற மருந்துக் கிண்ணியின் ஓரத்தில் இருந்த துளையை ஒரு தீக்குச்சியால் குத்திப் பார்த்தான். குழலின் அடிப்பக்கத்தைச் சுண்டிச் சத்தம் கேட்டான். பிறகு குதிரைக்கு வந்தான். கல்லைக் கவ்விப் பிடிக்கிற அந்தப் பாகத்தை நாங்கள் குதிரை என்போம். ஷெஃபின் மொழியில் அது சேவல். மொழிபெயர்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பாதி இழுத்து நிறுத்தினால் விசையை எவ்வளவு அழுத்தினாலும் விழக்கூடாது. மருந்து இடும்போது ஆளைக் காப்பாற்றுவது அந்தப் பாதிதான். யோகன் இத்தாலியத் துவக்கில் பாதி இழுத்து அழுத்தினான். மலைபோல நின்றது. அழகியில் பாதி இழுத்து, விரலை மெல்ல வைத்தான். டக்கென்று விழுந்தது. இன்னொருமுறை. அழுத்தாமல் கட்டையில் தட்டினான். அப்போதும் விழுந்தது.

"அண்ணை, இது வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பாதியிலை நிக்கேல்லை. மருந்து போடேக்கை வெடிச்சு ஆளின்ரை கையைக் கொண்டு போயிடும். மற்றதை எடுக்கட்டும், வடிவில்லாட்டிலும் பிழையில்லை."

"என்ன சொல்கிறான்?" என்று கேட்டார் ஷெஃப். கேட்டபோது அவர் யோகனைத்தான் பார்த்தார், என்னை அல்ல. அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. என்னை அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. சலாட் மேசை என் கையைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஷெஃபின் ஆசை அழகியில் இருந்தது; அதை மறுப்பவனாக நான் இருக்க விரும்பவுமில்லை.

"எர் ஸைட், இஷ் குவெட்" என்றேன். நல்லது என்கிறான். கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதுமாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

யோகன் என்னைப் பார்த்தான். பிறகு ஷெஃபைப் பார்த்தான். பிறகு துவக்கை மேசையில் மெதுவாக வைத்துவிட்டுக் கைகளைக் காற்சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

வசந்தம் தொடங்கிய நாட்களில் ஒரு பின்னேரம், மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையிலான ஓய்வு. நாங்கள் இருவரும் பின்வாசலில் குந்தியிருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். ஷெஃப் ஆற்றோரப் புல்லில், அன்று சந்தையில் வாங்கிய அந்த அழகான துவக்கோடு நின்றார். பழைய படைவீரர்களைப்போல, காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, முதலில் கிண்ணியில் கொஞ்சம் மருந்தைத் தட்டி மூடினார். பாதி இழுத்த குதிரையோடு துவக்கை நிமிர்த்தி, மிச்சத்தைக் குழலில் போட்டுக் கோலால் இடிக்கத் தொடங்கினார். துவக்குக் கூட்டத்தில் கிண்ணிக்கு முதலில் மருந்து போட விடமாட்டார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். இரண்டாவது இடியில் குதிரை விழுந்து வெடித்தது. கோல் ஆற்றைத் தாண்டிப் போனது. அவர் கத்தவில்லை. தன் வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து, அதில் என்ன குறைகிறது என்று எண்ணுவதுபோலப் பார்த்தார்.

யோகன்தான் ஓடினான். தன் ஏப்ரனைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிக் கட்டினான். நான் உருளைக்கிழங்கோடு அப்படியே குந்தியிருந்தேன். ஷெஃப் அவன் நெஞ்சில் முழங்காலால் உதைத்தபடி, "நீதானே நல்லது என்றாய், நீதானே" என்று அழுதார்.

மூன்று விரல்கள் போய்விட்டன. அடுத்தநாள் உணவகத்தின் முதலாளியம்மா எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு என்னிடம் நேராகக் கேட்டார்: "அந்தத் துவக்கு நல்லது என்று இவன் சொன்னானா?"

யோகன் பக்கத்திலேயே நின்றான். அவனுடைய சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு "யா" என்றேன்.

அன்றே அவனை வேலையால் நிறுத்தினார்கள். அடுத்த திங்கள் நான் வெள்ளைச் சட்டை போட்டுத் தக்காளி வெட்டினேன். அவன் வேறு வேலை கிடைக்காமல் எட்டு மாதம் அந்த அறையிலேயே கிடந்தான். நான் வேலை முடிந்து வரும்போது அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அடுப்படியில் எனக்குச் சோறு மூடி வைத்திருப்பான். நான் அதைச் சாப்பிட்டேன். ஒருநாளாவது தொண்டையில் சிக்கியது என்று சொன்னால் நீங்கள் என்னைக் கொஞ்சம் நல்லவன் என்று நினைப்பீர்கள். சிக்கவில்லை. நல்ல பசி.

ஷெஃப் இலையுதிர்காலத்தில் திரும்பி வந்து, இடது கையால் கத்தி பிடிக்கப் பார்த்து, முடியாமல் பொருட்களுக்கு ஓடர் கொடுக்கிற வேலைக்கு மாறினார். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவன் நேர்மையானவன், உள்ளதை உள்ளபடி சொல்லுவான்" என்பார். அந்தச் சான்றிதழோடுதான் நான் பிறகு மொழிபெயர்ப்பாளனானேன். சிரிக்காதீர்கள். இருபது வருசம் ஆஸ்பத்திரிகளிலும் கந்தோர்களிலும் எங்கள் ஆட்களின் வாயாக இருந்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. பயத்தினால்தான்.

விசா கிடைத்தபின் யோகன் பிரெஞ்சு பேசுகிற லோசான் பட்டணத்துக்குப் போய்விட்டான். பல வருசம் கழித்து அங்கே ஒரு கலியாண மண்டபத்தில், மேலங்கிகள் தொங்கவிடுகிற இடத்தில் அவனைக் கண்டேன். கண்ணாடி போட்டு, தலை நரைத்திருந்தது. நான் எவ்வளவோ காலமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தொடங்கினேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"குவெட் எண்டால் என்னெண்டு எனக்கு அப்பவே தெரியும், அண்ணை. ஆஃப் எண்டால் என்னெண்டும் தெரியும். நைன், இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல எனக்கு வாய் இல்லாமலோ?"

"பிறகேன் சொல்லேல்லை?"

"அந்த ஷெஃபின்ரை கை போகட்டும் எண்டு விட்டனான்." மேலங்கியைப் போட்டுக்கொண்டான். "அவருக்கு நான் குடுத்தது அது. முதலாளியம்மாவிட்டை நீங்கள் சொன்ன 'யா' வேறை. அதுக்கு என்னட்டை மறுமொழி கேக்காதேங்கோ."

திரும்பி வந்த ரயிலில் எனக்குப் பாரம் குறைந்ததுபோல இருந்தது. பழியில் பாதியை அவன் எடுத்துக்கொண்டான் என்று சந்தோசப்பட்டேன். என்னைப்பற்றி எனக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் அன்றைக்குத் தீர்ந்தது.

இப்போது அந்த உணவகம் இல்லை. இடித்துவிட்டு மாடிவீடுகள் கட்டியிருக்கிறார்கள். அகதி விடுதி இருந்த இடம் கார் நிறுத்துமிடம். முதலாளியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். யோகன் அதற்குப் பிறகு என் தொலைபேசியை எடுத்ததில்லை. இரண்டு வருசத்துக்கு முன் அவனுடைய மரண அறிவித்தலை இணையத்தில் பார்த்தேன். ஷெஃபும் ஒரு முதியோர் இல்லத்தில், யோகனைத் திட்டிக்கொண்டே செத்தார் என்று கேள்வி. அன்று யோகன் சொன்ன வாக்கியத்தை, சேவல், பாதி, கை எல்லாம் சேர்த்து, இன்று நான் அவர்கள் மொழியில் ஒரு பிழை இல்லாமல் சொல்லுவேன். கேட்கவேண்டியவர் ஒருவரும் இல்லை.