வெறுங்கூடையில் வந்த கோயில்

பதுளைக் கடைவீதியில் இன்று நனைந்த மூங்கில்கூடையின் வாசம் பட்டதும், தேயிலைச்செடி மூடிப்போன எங்கள் பழைய லயத்து வரிசை வீடுகள் கண்முன் வந்து நின்றன. மாரியம்மனுக்குக் கோயில் கட்டக் கூடாதென்று தோட்டத்துத் துரை மறுத்த வருஷம், கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகு அம்மாவும் லயத்துப் பெண்களும் வெறுங்கூடையோடு ஆற்றில் இறங்கி, ஆளுக்கொரு கல்லை அதில் போட்டு, கூடைக்கயிறு தலையை அழுத்த, ஈரம் முதுகில் சொட்டச் சொட்ட மேடேறி வருவார்கள். கல்லோடு கல் மோதும் சத்தத்தில்தான் எங்களுக்குப் பொழுது சாயும்.

கோயில் சுவர் இடுப்புயரம் எழும்பியதும் துரை ஆள்விட்டு இடித்து, கற்களை ஆற்றிலேயே உருட்டிவிட்டார்.

"இனியாச்சும் விட்டுரு புள்ள," என்றார் வேலை வாங்கும் கங்காணி.

அம்மா கூடையை மாட்டிக்கொண்டாள். "ஆத்துலதானங்க கெடக்கு? வழி தெரியும். கொஞ்சம் தள்ளிக்கங்க."