என் தங்கை அடையாளம் வைத்த கிருமி

பண்ணைக்காரர்கள் என் தங்கைக்கு வைத்த பெயர் 'கிருமி டாக்டர்'. வீட்டில் அவள் சின்னவள். பத்தொன்பது வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே அறையில் உட்கார்ந்து, வளர்ப்பு இறாலைக் கொல்லும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தாள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிசகைப் பார்த்துக் கழித்துப் போடுவது என் வேலை. அவளுடைய கட்டுரைகளில் எனக்குப் புரிவது அவள் பெயர் மட்டும்தான். ஆனால் அவள் வேலை எனக்குத் தெரியும். சாப்பிடும்போது சொல்லுவாள், எனக்குப் புரிகிறவரை விடமாட்டாள். நடந்ததை இப்போது ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். அதனால் நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

அவள் பட்டம் வாங்கிய புதிதில் எங்கள் சித்தப்பா வந்து கையை நீட்டினார். "டாக்டராயிட்டியாமே, நாடி பாத்து ஒரு மாத்திரை எழுதிக் குடு."

"உங்களுக்கு மீசை இருக்கு, ஆனா பத்துக் கால் இல்லையே சித்தப்பா. இறாலாப் பொறந்து வாங்க, பாக்கறேன்" என்றாள். சித்தப்பா இரண்டு வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

செத்த இறாலின் உள்ளிருந்து நகக்கண் அளவு எடுத்து நசுக்குவாள். கம்பி வளையத்தை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, அதில் தொட்டு, தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் கோடு இழுப்பாள். மறுநாள் கோட்டின் மேல் புள்ளி புள்ளியாகக் கிருமி வளர்ந்திருக்கும். ஒரு புள்ளியை எடுத்துச் சுண்டுவிரல் அளவு குப்பியில் போட்டு, எண், குளம், தேதி எழுதி, கடுங்குளிர் பெட்டியில் வைப்பாள். ஒவ்வொரு குப்பியிலும் உயிர் தூங்குகிறது என்பாள்.

முதலில் எந்தப் பண்ணையிலும் அவளை உள்ளே விடவில்லை. "செத்ததைப் பொறுக்க ஒரு படிப்பா?" என்று விரட்டினார்கள். மீசைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பண்ணைக்காரர்தான், "என் குளத்துல வந்து பாரு தங்கச்சி. செத்தது எனக்கு எதுக்கு, நீயே எடுத்துக்க" என்றார். அன்றிலிருந்து பதினாலு வருடம் மாதம் தவறாமல் அங்கே போனாள். அவருக்கு நாலு குளம். மூன்றுக்குக் கால்வாய்த் தண்ணீர். மேட்டில் இருக்கும் நாலாவதற்கு மட்டும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து போர் தண்ணீர்.

இறாலின் தீவனத்தில் ஒரு நல்ல பாக்டீரியாவைக் கலந்தால் கெட்டது அதை அண்டாது என்று நிரூபிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்கு ஆய்வுக்கூடத் தொட்டிகளில் கெட்ட கிருமியை அவளே விடவேண்டும். விட்ட கிருமியால்தான் இறால் செத்தது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஓர் அடையாளம் வைத்தாள். எந்தப் பண்ணைக்காரரும் பயன்படுத்தாத, கிருமியைக் கொல்லும் ஒரு மருந்தைக் கூழில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அதையும் தாங்கி வளரும்படி அந்தக் கிருமியைப் பழக்கினாள். பிறகு அந்த மருந்துத் தட்டில் எது வளர்ந்தாலும் அது அவளுடையது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு கட்டுத் துணி எங்கெங்கே போகிறது என்று பார்க்க ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டுவோம், அது மாதிரி. தொட்டித் தண்ணீரைக் குளோரின் போட்ட நிலத்தடித் தொட்டியில் ஒருநாள் நிறுத்திவைத்து, எல்லாம் செத்த பிறகுதான் கால்வாயில் விடவேண்டும்.

ஒருநாள் காலை மீசைக்காரர் ஐஸ் பெட்டியோடு வந்தார். மூன்று குளத்தில் இறால் கரை ஒதுங்கி, ஓடு மெத்தென்று ஆகிச் செத்திருந்தது. "மருமகன் கண்ணுமண்ணு தெரியாமத் தீவனத்தைக் கொட்டிட்டான் தங்கச்சி. பண்ணைப் பக்கமே வராதேன்னு துரத்திட்டேன். மகளும் அவன்கூடப் போயிட்டா."

வழக்கமான தட்டுகளில் கோடு இழுத்தாள். ஒரு மருந்துத் தட்டிலும் இழுத்தாள். அதில் எதுவும் வளரக்கூடாது. தட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். மறுநாள் அந்தத் தட்டு நிறைய வளர்ந்திருந்தது. மூன்று முறை திருப்பிச் செய்தாள். மூன்று முறையும் அதேதான்.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னடி?"

"என்னோடதுக்கா."

"எது?"

"அவர் குளத்துல இருக்கறது. நான் அடையாளம் வெச்சது."

ஐந்து மாதம் முன்பு ஆய்வுக்கூடத்தில் குழாய் மாற்றினார்கள். குழாய்க்காரர் குளோரின் தொட்டிக்குள் விடாமல், மீசைக்காரர் குளங்களுக்குப் போகும் கால்வாயில் நேரே இணைத்துவிட்டார். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவள் இவள்.

"தொட்டி மூடியைத் தெறந்து பாக்காமயாடி கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பிசகைப் பார்த்துப் பழகிய வாய்.

"பாக்கலக்கா" என்றாள். அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

குழாயை அன்றைக்கே அடைத்துவிட்டார்கள். இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாராம். "அந்தத் தட்டை நீயும் நானும்தான் பாத்திருக்கோம். குழாயைச் சரிபண்ணியாச்சு. உன் ஆராய்ச்சி முடிய இன்னும் எட்டு மாசம். எத்தனை பண்ணை பிழைக்கும், யோசி." அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் அவளை வாட்டியது.

"நீ என்னக்கா சொல்ற?"

"அந்த மருமகன் என்ன பாவம் பண்ணான்?" என்றேன். எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

மீசைக்காரரிடம் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். கரையில் உட்கார்ந்து, குளத்துக்குக் காற்று அடிக்கும் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வா தங்கச்சி, அக்காவும் வந்திருக்காங்க போல. உக்காருங்க" என்று சாக்கை உதறிப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், கையெழுத்து, தட்டு. ஓர் இடத்திலும் குழாய்க்காரரைச் சாடவில்லை.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்ப என் மருமகன்?"

"அவர் மேல ஒரு தப்பும் இல்லண்ணே."

"பதினாலு வருஷமா உன்னை உள்ள விட்டேன்." சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, "சரிங்க மேடம். கெளம்புங்க" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான். "மேடம்னுட்டாருக்கா."

மறுநாள் அறிக்கை கொடுத்தாள். விசாரணை நடந்தது. ஆராய்ச்சி நின்றது. அந்த அறையில் உயிரோடிருக்கும் கிருமி எல்லாவற்றையும் அழித்துவிட்டு அறையைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. உதவியாளர்களை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எண்ணைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அனுமதி கேட்டு என்னை அழைத்துப்போனாள்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குப்பிகள். நான் பதிவேட்டைப் படிப்பேன். அவள் குப்பியை எடுத்துப் பார்த்துப் பைக்குள் போடுவாள். பை நிறைந்ததும் பெரிய குக்கர் மாதிரி இருக்கும் கொதிகலனில் வைத்து மூடுவாள். நீராவியில் வேகும் வாடை அறையெல்லாம் நிறைந்தது. முதல் பத்து எண்களை நான் வேகமாகப் படித்தேன்.

"மெதுவாப் படிக்கா."

மெதுவாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. "அது செவுள் கறுத்துச் செத்தது." "அது தட்டுல வளரவே ஒரு வாரம் எடுத்துச்சு, சோம்பேறி." "அது அவர் குளத்துல எடுத்த மொதல் குப்பி." அடையாளம் வைத்ததன் எண் வந்தபோது நான் ஒரு கணம் நிறுத்தினேன். "படி" என்றாள். அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மாலை நாலு மணிக்கு முடிந்தது. வெறும் தட்டுகளைத் துடைத்தாள். கடுங்குளிர் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினாள். உள்ளே உறைந்திருந்த பனி உருகித் தரையில் வழிந்தது. அதையும் மண்டியிட்டுத் துடைத்தாள். நான் கேட்டும் துணியைத் தரவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வழியில், "அவர் மறுபடியும் குளத்துல தண்ணி விட்டிருப்பாராக்கா?" என்றாள்.

எங்கள் தொழிற்சாலையில் பித்தான் தைக்கும் பெண் அவருக்குப் பக்கத்து வீடு. எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அன்றைக்கு, அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு, பொய் வரவில்லை.

"இல்லடி. மண்ணடிச்சு மூடிட்டாரு. மகளும் மருமகனும் திரும்பி வந்துட்டாங்களாம். பண்ணை மட்டும் வேண்டாம்னுட்டாராம்."

"மூணையுமா?"

"நாலையும்."

அவள் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாலாவதுல ஒண்ணுமே சாகலியேக்கா" என்றாள். "போர் தண்ணிதானே. அது நல்லாத்தானே இருந்துச்சு." அதையே இன்னொரு முறை சொன்னாள். பிறகு, அவள் படிக்கப் போன நாளிலிருந்து நான் பார்க்காத விதமாக, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எங்கள் நிறுத்தம் வந்தது. நான் அவளை எழச் சொல்லவில்லை.