சிகாபுதீன் ராவுத்தர் ஏலம் எடுத்த கிழட்டுக் குதிரை

மட்டாஞ்சேரி பஜாரில் சிகாபுதீன் ராவுத்தர் வாய் திறந்து விலை சொல்லி யாரும் கேட்டதில்லை. சுக்கோ மிளகோ, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எதிராளியின் கையோடு தன் கையைச் சேர்த்து மூடிக்கொள்வார். உள்ளே விரல்கள் பேரம் பேசும். வெளியே இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். துண்டுக்குள் முடிந்த விலை முடிந்ததுதான். மறுநாள் மிளகு தாறுமாறாக ஏறினாலும் இறங்கினாலும் ராவுத்தர் காலணாகூட நகர மாட்டார். இருபத்தெட்டு வருஷத் தரகில் அவர் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

இன்னொரு பெயரும் அவருக்கு இருந்தது. அது சும்மா வந்தது. அவருடைய முன்னோர்கள் ராஜாக்களுக்குக் குதிரை விற்ற வம்சம் என்று பஜார் பூராவும் பேச்சு. கல்யாண வீட்டிலோ சாயாக்கடையிலோ யாராவது அதை எடுத்தால் ராவுத்தர் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். தாடியைத் தடவிக்கொள்வார். அது போதாதா நம் ஜனங்களுக்கு? உண்மை என்னவென்றால், மனிதருக்குக் குதிரை என்றால் குலைநடுக்கம். எங்கேயாவது குதிரை வண்டி எதிர்ப்பட்டால், அந்தப் பக்கம் அவசர வேலை இருப்பதுபோல் தெருவைக் கடந்துவிடுவார். இது அவர் மனைவி ரபியாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தேழாம் வருஷம் மிளகு ஏற்றுமதி செய்யும் தாமோதர் சேட்டு அவரைக் கூப்பிட்டனுப்பினார். பம்பாயில் இருக்கும் சேட்டின் மைத்துனனுடைய குதிரை ஏதோ ஒரு பந்தயத்தில் கோப்பை வாங்கிவிட்டதாம். அன்றிலிருந்து சேட்டின் வீட்டில் அவர் மனைவி நமக்கும் ஒரு குதிரை வேண்டும் என்று அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாளாம்.

"பெங்களூரில் குதிரை ஏலம் உண்டு ராவுத்தரே. ஒன்றரை வயசுக் குட்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் சேட்டு.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் கடையில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் தடவிய தாடிக்கு என்ன பதில் சொல்வது? குட்டு வெளிப்பட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு பஜாரில் நடப்பது? ராவுத்தர் தாடியைத் தடவினார். அன்று சாயங்காலமே ரயிலேறினார்.

பெங்களூரில் ஏலத்துக்கு முந்தின நாள் குதிரைகளைப் பார்வையிட விட்டார்கள். ஆளுக்கொரு அச்சுப் புத்தகமும் கொடுத்தார்கள். குதிரைக்கு ஒரு பக்கம். அப்பன் யார், ஆத்தாள் யார், பாட்டன் எங்கே ஓடி ஜெயித்தான் என்று ஐந்து தலைமுறை வரை அதில் இருப்பதாகப் பக்கத்தில் நின்றவர் படித்துச் சொன்னார். ராவுத்தருக்கு மலைப்பாக இருந்தது. அவருக்குத் தம் பாட்டனாருக்கு அப்பால் ஒரு பெயர்கூடத் தெரியாது.

வந்தவர்கள் எல்லாரும் குனிந்து குதிரையின் காலைத் தடவினார்கள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். ராவுத்தர் பத்தடி தள்ளி நின்று தலையை ஆட்டினார். இளங்குட்டிகள் நின்ற இடத்துப்பக்கமே போகவில்லை. அதுகள் துள்ளின. கடைசியில் ஓர் ஓரமாக, பதினேழு வயதான பழுப்பு நிறப் பெட்டை ஒன்று தூங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒன்பது குட்டி ஈன்று, இரண்டு வருஷமாகச் சினை பிடிக்காமல் ஏலத்துக்கு வந்தது. அதன் பக்கத்தில் பெரிய தலைப்பாகையோடு ஓர் ஆள் நின்றான். பெயர் ராசப்பன்.

"கிட்ட வந்து பாருங்க பாய், கடிக்காது."

"இங்கேருந்தே தெரியுது."

"என்ன தெரியுது?"

வசமாக மாட்டிக்கொண்டார். கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை எடுத்து ராசப்பனின் கையை மூடினார். ராசப்பனோ காங்கேயத்துக்காரன். அவனுடைய சித்தப்பன் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். உள்ளே விரல் பட்டதும் அவன் முகம் மலர்ந்தது. ஆயிரத்தில் ஆரம்பித்தான். ராவுத்தர் நானூறு என்றார். அவன் சுண்டு விரலை விடமாட்டேன் என்றான், இவர் மோதிர விரலைத் தரமாட்டேன் என்றார். முன்பின் தெரியாத ஊரில் தம் பாஷை பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ராவுத்தர் எல்லாவற்றையும் மறந்துபோனார். அறுநூறில் முடிந்தது.

"குதிரையை எப்ப அனுப்புவீங்க?"

ராசப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் லாயத்து ஆளுங்க பாய். குதிரை எசமானோடது. நாளைக்கு ஏலத்துல எடுத்துக்குங்க."

ராவுத்தர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மிளகு பஜாரில் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பவன்தான் மூட்டைக்காரன். குதிரைக்குப் பக்கத்தில் நிற்பவன் குதிரைக்காரன் இல்லை என்று யார் கண்டது? அது விளையாட்டுப் பேரம்தானே, உதறிவிட்டுப் போகலாமே என்று மனசு சொன்னது. துண்டுக்குள் விளையாட்டு உண்டா என்று அதே மனசு திருப்பிக் கேட்டது. விரல் பிடித்தது பிடித்ததுதான்.

மறுநாள் ஏலத்தில் குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து போயின. ராவுத்தர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழட்டுப் பெட்டை வந்தது. ஏலம் போடுகிற துரை ஆயிரம் என்றார், ஐந்நூறு என்றார், கெஞ்சாத குறையாக இறங்கி வந்தார். மிருகக்காட்சிசாலைப் புலிகளுக்கு இறைச்சி கொடுக்கும் காண்டிராக்டர் ஒருவர் இருநூறு என்று சோம்பலாகக் கையைத் தூக்கினார்.

ராவுத்தர் எழுந்தார். "அறுநூறு!"

துரை நல்ல மனுஷர். பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார். குமாஸ்தா கத்தினார்: "பெரியவரே, இருநூத்திப் பத்து சொன்னாப் போதும்!"

"அறுநூறுதான். நேத்தே முடிஞ்ச விலை. இதுல கூட்டவும் இல்லே, குறைக்கவும் இல்லே."

கொட்டகையே சிரித்தது. ராசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. குதிரையோடு தானே கொச்சி வரை வருவதாகச் சொன்னான்.

துறைமுக ஸ்டேஷனில் இறங்கி, பாலத்தின் மேல் குதிரை நடந்து வந்தபோது பாதி மட்டாஞ்சேரி பின்னாலேயே வந்தது. ராவுத்தர் முன்னால் நடந்தார், இருபதடி முன்னால். சேட்டின் பண்டகசாலை முற்றத்தில் குதிரையைக் கட்டிவிட்டு, "வெல்லம்னா இதுக்கு உசுருங்க" என்று சொல்லிவிட்டு ராசப்பன் ரயிலுக்குப் போய்விட்டான்.

சேட்டு வந்தார். குதிரையைப் பார்த்தார். ராவுத்தரைப் பார்த்தார். வாசலில் கூட்டம் வேடிக்கை பார்க்கிறதே என்று ராவுத்தர் வம்ச கௌரவத்தோடு ஒரு வெல்லக் கட்டியைத் தூரத்திலிருந்தே எறிந்தார். பாக்கி வெல்லம் கையில் இருந்தது. குதிரை தின்று முடித்தது, பாக்கி எங்கே என்று பார்த்தது, ஒரு இழுப்பில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடந்து வந்தது. ராவுத்தர் பண்டகசாலைக்குள் ஓடினார். சேட்டு அவருக்கு முன்னால் ஓடினார். அந்தப் பருத்த உடம்போடு சுக்கு மூட்டை அடுக்கின் உச்சிக்குச் சேட்டு எப்படி ஏறினார் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

கீழே குதிரை நின்று மூட்டையை முகர்ந்தது. மேலே இருவரும் மூச்சு வாங்கினார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"சேட்டு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குக் குதிரையைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. பயம்."

"எனக்கு அறியாம், நல்லாவே தெரியும்," என்றார் சேட்டு. "பஜார்ல எல்லாருக்கும் அறியாம். வண்டி வந்தா நீங்க தெருவைத் தாண்டுறதை இருபது வருஷமாப் பாக்குறோமில்லே? அதனாலதான் உங்களை அனுப்பினேன். எனக்கும் பயமாக்கும். வெறுங்கையோட திரும்பி வருவீங்க, குதிரை சரியில்லேன்னு வீட்ல சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க என்னடான்னா வாக்கைக் காப்பாத்திட்டு வந்து நிக்கிறீங்க!"

ராவுத்தருக்கு அவமானத்தில் கண் நிறைந்தது. எல்லாருக்கும் தெரியுமாம். அவர் தாடியைத் தடவும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள். அவர் மனசு நோகக்கூடாது என்று ஒரு பஜாரே இருபது வருஷம் நடித்திருக்கிறது. இதற்கு அழுவதா, சிரிப்பதா?

"கரையண்டா ராவுத்தரே, அழாதீங்க," என்று சேட்டு தேற்றினார். "முதல்ல எறங்குற வழியைப் பாப்போம்."

அப்போதுதான் ரபியா சோற்றுத் தூக்கோடு வந்தாள். மூட்டை மேல் புருஷனையும் சேட்டையும் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். குதிரையின் கயிற்றைப் பிடித்தாள்.

"ஒம்பது பெத்தவளாமே நீ. இவங்களைப் போயி மிரட்டிக்கிட்டு! வாடி இப்படி."

குதிரை அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டியாக நடந்தது. அவள் அதை வாசல் கூட்டத்துக்கு நடுவே நடத்திக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் விட்டாள். பஜார் வாய் பிளந்தது. மூட்டை தூக்கும் சுமட்டுக்கார அப்பு நெஞ்சில் கையை வைத்தான். "நாம என்னமோ நெனச்சோம். சும்மாவா? குதிரை வித்த வம்சம். ரத்தத்துல உள்ளதாக்கும்!"

ஆமாம், ஆமாம் என்றது கூட்டம். இருபது வருஷமாக நம்புவதுபோல் நடித்தவர்கள் அந்த நிமிஷம் நிஜமாகவே நம்பினார்கள்.

ராவுத்தரால் பொறுக்க முடியவில்லை. மூட்டை உச்சியில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினார்: "டேய், அவ எங்க வம்சம் இல்லேடா! அவ அத்தா பாலக்காட்டுல கோரைப்பாய் வித்தவரு! எங்க வீட்டுல ஒருத்தனும் குதிரையைத் தொட்டதில்லேடா!"

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. அப்பு கையெடுத்துக் கும்பிட்டான்.

"பாத்தீங்களா? பெரிய குடும்பத்து மனுசருக்கு எத்தனை அடக்கம்!"

ராவுத்தர் மறுபடியும் கத்தினார். அவர்கள் மறுபடியும் கும்பிட்டார்கள்.