கம்பியில் தொங்கிய சம்பந்தம்

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் மூக்கும் முழியும் எப்படி என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பாஸ்போர்ட் இருந்தால் போதும். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு வரன் வந்தபோது அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. எனக்கும் ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பாரிஸ் பக்கம் ஒரு சின்ன வீடு, நல்ல குளிர், "இன்னும் ஆகலையா?" என்று யாரும் கேட்காத ஒரு தெரு. அதற்கு மேல் என்ன வேண்டும்?

மாப்பிள்ளையின் அம்மா நாகரிகமானவர். "வரதட்சண பேச்சே வேணாங்க. புள்ளைங்க ரெண்டும் தனியா, மனசு விட்டு பேசட்டும்" என்றார். அதற்காக ஏலகிரி மலையில் ஒரு விடுதி ஏற்பாடானது. எங்கள் தனிமைக்குத் துணையாக இரண்டு குடும்பமும் ஒரே வேனில் கிளம்பியது. பையன் அந்த வாரமே விமானம் ஏற வேண்டும். அதனால் வேன் திரும்பி ஊர் வந்து சேர்வதற்குள் நான் சம்மதம் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு.

மாப்பிள்ளை நல்ல ஒல்லி. தமிழ் தண்ணீர்பட்ட பாடு என்றாலும் நன்றி சொல்வது மட்டும் பிரெஞ்சில்தான்; வேன் டிரைவருக்கும் மெர்சி, முறுக்கு நீட்டிய என் அப்பாவுக்கும் மெர்சி. அப்பா ஒவ்வொரு மெர்சிக்கும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

விடுதியில் ஜிப்லைன் இருந்தது. ஒரு மேட்டிலிருந்து பள்ளத்தைத் தாண்டிக் கொஞ்சம் தாழ்வான எதிர்மேடு வரை இரும்பு வடம் கட்டி, ஆளை பெல்ட்டில் மாட்டிக் கப்பியில் உருட்டிவிடுவார்கள். கிணற்றடியில் வாளிக்குச் செய்வதை மனிதர்களுக்குச் செய்து கட்டணமும் வாங்கிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை பார்த்ததுமே, "ஆல்ப்ஸ்ல நெறைய போயிருக்கேன். சேந்து போனா நமக்கு ஒரு மெமரி" என்றார்.

ஏறுவதற்கு முன் எடை பார்க்க வேண்டுமாம். பெல்ட் மாட்டும் ஆள் ஏலம் விடுகிற குரலில் "எழுபத்தெட்டு" என்றார். தரகரிடம் அம்மா சொல்லியிருந்தது அறுபது. பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்லலாம், நடந்து காட்டச் சொல்லலாம். தராசில் ஏற்றிப் பார்க்கப்பட்ட பெண் அநேகமாக நான் ஒருத்திதான். மாப்பிள்ளையின் அம்மா மனதுக்குள் கழித்தல் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளை ஐம்பத்திரண்டு. "வாயக் கட்டுவான் எம் புள்ள" என்று அதற்கும் ஒரு பெருமை.

பெரியவர்கள் வீடியோ எடுக்க ஜீப்பில் எதிர்மேட்டுக்குப் போனார்கள். மேலே நாங்கள் இருவரும் பெல்ட்காரரும் மட்டும். மனசு விட்டுப் பேசக் கிடைத்த தனிமை அவ்வளவுதான். "பயப்படாத. நீ போ, நான் பின்னாடியே வந்துடுறேன்" என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அதற்காகவே சரி என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன்.

தள்ளிவிட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது காலுக்குக் கீழே மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் கனம் என்னை ஒரே வீச்சில் அக்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. எனக்குத் தெரிந்து என் உடம்பு எனக்குச் செய்த முதல் உபகாரம் அது. சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

அடுத்து அவர். பாதி வழியில் வீடியோவுக்காக இரண்டு கைகளையும் விரித்தார். எதிர்க்காற்று அடித்தது. கப்பி மெதுவாகி, நின்று, கொஞ்சம் பின்னுக்கும் போய், அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டது. "வெயிட் பத்தல. கைய வேற விரிச்சிட்டாரு" என்று இந்தப் பக்கத்து ஆள் சாவகாசமாகக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆல்ப்ஸ் போன இடம் தெரியவில்லை. மெர்சியும் கூடவே போய்விட்டது. "யம்மா... சீக்கிரம் வந்து இஸ்துக்குங்கடா..." என்று சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ் பள்ளம் முழுக்கக் கேட்டது.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தரத்தில் மாட்டிக்கொள்வது ஒரு குற்றமா? வந்ததும் குடிக்கட்டும் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவரை இழுத்து வந்து இறக்கினார்கள். பாட்டிலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தன் அம்மாவிடம் போனார்.

"இவ கனத்துல கம்பி தொய்ஞ்சி போச்சிம்மா. அதான் நான் நின்னுட்டேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். யாராவது ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். "ஆமாங்க தம்பி, கொஞ்சம் சதை போட்டுட்டா. கல்யாணத்துக்குள்ள கொறச்சிடுவா" என்றாள் அம்மா. அவர் சொன்ன பொய்யைவிட இதுதான் எனக்கு வலித்தது. பாட்டிலை மூடினேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றேன்.

மலையுச்சியில் சம்பந்தத்தை முறிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வேன் ஒன்றுதான். திருவண்ணாமலை வரை அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதபடியே வந்தாள். அப்பா பழக்கதோஷத்தில் முறுக்குப் பையை நீட்ட, மாப்பிள்ளை மெர்சி இல்லாமலே எடுத்துக் கடித்தார்.

செஞ்சியில் டீக்கு நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் வந்து நின்றார். "பையன் கோவம் ஆறிடும். ஒங்க பொண்ணு அவன்கிட்ட ஒரு சாரி சொல்லட்டும். ஆறு மாசத்துல அவ ஒடம்ப கொறச்சிட்டா, நாங்களும் பெரிய மனசு பண்ணி..."

ஊர் போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது. அம்மா அழுத முகத்தோடு சரி என்று சொல்லியிருந்தால், இன்னொரு முறை மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாக ஒரு வாய் டீ குடித்தாள்.

"எம் பொண்ணு தானா போயி அக்கரையில சேந்தா. ஒங்க புள்ளையத்தான் கயிறு கட்டி இஸ்தாந்தாங்க. மொதல்ல அவர நல்லா சாப்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் இரண்டு போண்டா கேட்டு வாங்கினாள். இரண்டையும் என் கையில் வைத்தாள்.