இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓரடி

எங்கள் ஊரான ரந்தாவில் என் வீட்டுக்குப் பின்னால் நான் போட்ட கொட்டகை தன் நிலத்துக்குள் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டை பிடித்தார். நான் இல்லையென்றேன். மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்தே ஒரு சர்வேயரை வரவழைத்தோம்.

ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. அந்த மத்தியான வெயிலிலும் அதில் வியர்வையே இல்லை. ஒவ்வொரு முளையை அடிக்கும் முன்பும் குனிந்து, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று மெல்லச் சொல்வார்.

கொட்டகை ஓரத்தில் அப்படிச் சொன்னபோது நான் பின்னால் நகர்ந்தேன்.

"உங்கள சொல்லல அண்ணே. நீங்க நில்லுங்க."

"பின்ன யார சொன்னீங்க?"

அவர் சற்றுக் காத்திருந்துவிட்டு முளையை அடித்தார்.

என் கொட்டகை ஓரடி எல்லை தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உடைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ அந்த முளையையே வெறித்துப் பார்த்தார்.

"உடைக்க வேணாம் லா. அந்த இடம் உங்களுக்கே இருக்கட்டும்" என்றார்.

எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. மறுநாளே கொட்டகையைப் பிரித்தேன். அவரும் தன் வேலியை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார். நடுவில் கிடக்கும் நிலத்தை இன்றுவரை இருவருமே கேட்கவில்லை.

சர்வேயர் அன்று காரில் ஏறும்போது மட்டும் கேட்டுவிட்டேன்.

"அங்க யாராச்சும் நின்னாங்களா?"

"நிக்கல அண்ணே. உக்காந்திருக்காங்க."

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஓரடி என்று அளவு சொன்ன அதே குரல்தான்.